சுவர் தாண்டாத வைஃபை

"இருக்கிறதிலேயே மட்டமான வைஃபை பெட்டி ஒண்ணு குடுங்க" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விலை கம்மியா வேணுமாக்கா?"

"விலையும் கம்மியா இருக்கட்டும். சிக்னல் சுவரைத் தாண்டக் கூடாது. அதான் முக்கியம்."

"எல்லாரும் தாண்டணும்னுதானே கேப்பாங்க!"

எல்லார் வீட்டிலும் என் வீட்டுக்காரர் இல்லையே! பஸ் டிரைவர் அவர். முட்டி ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து கட்டிலே கதி. நடந்து பழகாவிட்டால் முட்டி விறைத்துவிடும், அப்புறம் பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். "வலிக்குதுடி" என்று போர்வையை இழுத்துக்கொண்டு போனில் காமெடி சீரியலைப் போட்டுவிடுவார். மனுஷனா, கருங்கல்லா?

ஹாலில் இருந்த வைஃபை பெட்டி போன வாரம் செத்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. ஆடுகிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்! இன்டர்நெட் வயர் வீட்டுக்குள் நுழைவது கடைசியில் இருக்கும் என் தையல் அறையில். புதுப் பெட்டியை அங்கேயே மாட்டினேன்.

"ஏய், போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு!" என்று கட்டிலிலிருந்து சத்தம்.

"இங்க வந்தா ஓடும்ங்க."

பிறகு வாக்கர் நகரும் சத்தம். பெட்டி செய்தவனையும் விற்றவனையும் வாங்கிய என்னையும் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சீரியல் ஓடியது. அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, ஒரு ஜாக்கெட் கை கோணலாகிப் பிரித்துத் தைத்தேன். தினமும் இதே கூத்துதான். வாக்கர் போய்க் கம்பு வந்தது.

அப்போதுதான் என் மகராசி மகள் வந்தாள். "அப்பா பாவம்மா, இவ்ளோ தூரம் நடக்கிறாரு" என்று தன் செலவில் பெரிய பெட்டி ஒன்றை வாங்கி ஹாலில் மாட்டிவிட்டுப் போனாள். கட்டிலிலேயே சிக்னல் முழுசாக வந்தது. வாயைத் திறந்தால் என் குட்டு உடைந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் வழக்கமான நேரத்தில் அவர் வரவில்லை. கட்டில் பக்கமிருந்து சீரியல் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாள் பட்ட பாடு வீணா? நாளைக்கு டிப்போவில் வேறு ஒருவர் அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போவார், இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். பெற்ற மகளையே மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திடீரென்று நிமிர்ந்தால், தையல் அறை வாசலில் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது. ஒரு கையில் போன், இன்னொரு கை கதவு நிலையில்.

"என்னங்க, அங்கதான் நல்லா ஓடுதே?"

"ஓடுது, ஓடுது. சீரியல்ல மாமனார் மாட்டிக்கிற கட்டம் வந்துடுச்சு. நீ பாக்கலையேன்னு நிறுத்திட்டு ஓடி வந்தேன். தள்ளி உக்காருடி!"

கம்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார், என் தங்கம்.