டிக்கியில் இருந்த ஆண் அத்தி

ஆண் அத்திக் காய்கள் நான்கு மணி நேரம் இருபது நிமிடம் எங்கள் கார் டிக்கியில் இருந்தன. ஜூன் பதினெட்டு. பெலாயித் மாமா வீட்டிலிருந்து கிளம்பி வழியில் டிக்கியை மூடியபோது மணி ஒன்பது. கெனிமா அக்காவின் தோட்டத்தில் டிக்கியைத் திறந்தபோது ஒன்று இருபது. இடையில், மார்செய் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தி மகள் சிலியாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையில் அத்தி தானாகப் பழுக்காது. ஆண் மரத்துக் காய்க்குள் எள்ளை விடச் சிறிய குளவிகள் இருக்கும். அந்தக் காய்களை நாரில் கோத்து, வெயில் ஏறுவதற்குள் பெண் மரத்தில் தொங்கவிடுவோம். குளவி வெளியே வந்து பிஞ்சுக்குள் நுழைந்தால்தான் பிஞ்சு நிற்கும். இல்லாவிட்டால் மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். இது இங்கே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். நான் உயிரியல் படித்தவள். அந்தக் குளவியின் லத்தீன் பெயரும் எனக்குத் தெரியும்.

கெனிமா அக்கா பக்கத்து வீடு. கணவர் இறந்துவிட்டார். பதினோரு அத்தி மரங்கள்தான் அவருக்கு எல்லாம். முழங்கால் வலியால், பெலாயித் மாமா இருக்கும் மேல் கிராமத்துக்கு ஏற முடியவில்லை. "தாவுஸ், நீ கார்லதானே போற. வாங்கிட்டு வந்து நேரா மரத்துல கட்டிடும்மா" என்று முந்தைய நாளே சொல்லியிருந்தார்.

பெலாயித் மாமாவுக்கு இரண்டு ஆண் மரங்கள். சாலையோர மரத்துக் காயை யார் கேட்டாலும் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்துக் காய் கெனிமா அக்காவுக்கு மட்டும். அவருடைய கணவரும் மாமாவும் சேர்ந்து நட்ட மரம் அது. எங்களுக்காகச் சரங்களைக் கூடையில் வைத்து மேலே செடித் தழையைப் பரப்பியிருந்தார்.

சிலியாவைப் பார்த்து, "மார்செய்ல அத்தி காய்க்குமா பொண்ணே?" என்றார்.

"கடையில காய்க்கும் மாமா."

அவர் வெகுநேரம் சிரித்தார்.

காரில் இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. குளவிகள் தழை வழியாக வர ஆரம்பித்தன. சிலியா கத்தினாள். "ஐயோ, மூக்குக்குள்ள போகுதுடி! நிறுத்து, நிறுத்து!"

அவை கடிக்காது என்றேன். அவள் இறங்கி நின்றுகொண்டாள். சரங்களைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிச்சிட்டு டிக்கியில் வைத்தேன். பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

"இவ்வளவு சின்ன ஊர்ல பாக்க என்னடி இருக்கு?" என்று அவள் கேட்டாள். அதனால்தான் காரை நிறுத்தினேன். முதலில் தபால் நிலையம். கடிதம் வராத நாட்களிலும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓய்வூதியக்காரர்கள். ஆண்கள் மட்டும் உட்காரும் காபிக் கடை. அதைத் தாண்டும்போது பெண்கள் நடையை வேகப்படுத்துவார்கள். பிறகு ஊற்று. பிறகு பழைய எண்ணெய் ஆலை, பெயர் எழுதாத கல்லறைகள், வற்றிய ஓடை. ஓடையில் இறங்கி எதிர்க் குன்றில் ஏறினோம். அங்கிருந்து கடல் தெரியும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தெரியாது. சிலியா தெரிகிறது என்று சத்தியம் செய்தாள்.

நான் வீட்டில்கூட அதிகம் பேசுவதில்லை. அன்று ஒவ்வொரு கல்லுக்கும் செடிக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். "உனக்குப் பேச வருமா? இத்தனை நாள் எங்க வச்சிருந்த?" என்றாள் சிலியா. இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது. பையின் நினைவு வந்தது. இரண்டு முறை வந்தது.

கெனிமா அக்காவின் தோட்டத்தில் முடிச்சை அவிழ்த்தபோது உள்ளே நீராவி. காய்கள் வெந்த மாதிரி மிருதுவாக இருந்தன. பையின் அடியில் ஈரமான கருப்புத் தூள். விரலில் தொட்டுப் பார்த்தேன். ஒரு குளவிகூட அசையவில்லை.

பையை வேலிக்கு அப்பால் உதறினேன். சரங்களைப் பதினோரு மரத்திலும் கட்டினேன்.

கெனிமா அக்கா மோர்ச் சொம்போடு நொண்டிக்கொண்டு வந்தார். "கட்டிட்டியா?"

"கட்டிட்டேன் அக்கா."

பிஞ்சுகள் இன்னும் ஐந்து நாள் காத்திருந்திருக்கும். பெலாயித் மாமாவிடம் இன்னும் காய் இருந்தது. அன்று சொல்லியிருந்தால் போதும்.

ஜூலையில் உதிர்ந்தன. காலையில் ஜன்னலைத் திறந்தால் கெனிமா அக்கா குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பது தெரியும். மற்றவர்கள் மரத்திலெல்லாம் காய் நின்றது. ஊற்றடியில் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்குத் தந்ததெல்லாம் வெறும் கூடு. என் வீட்டுக்காரர் இருந்தா இப்படித் தருவானா அவன்?"

இரண்டு நாளில் பேச்சு மேல் கிராமத்துக்குப் போய்விட்டது. பெலாயித் மாமா நடந்தே இறங்கி வந்தார். உதிர்ந்த பிஞ்சு ஒன்றை எடுத்துக் கத்தியால் பிளந்து பார்த்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"அந்த மரத்துக் காயை உனக்கு மட்டும்தான் கொடுத்தேன் கெனிமா. சாலையோர மரத்துலேர்ந்து வாங்கினவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. அப்போ கோளாறு வீட்டுக்குப் பின்னால இருக்கிற என் மரத்துலதான்."

"மரம் கெட்டுப்போனது உனக்குத் தெரியாதாக்கும்! கண்ணு எங்க வச்சிருந்த, காபிக் கடையிலயா?"

பெலாயித் மாமா கத்தியை மடக்கினார். "வெட்டிடறேன். அடுத்த வருஷம் மறந்து யாருக்காவது கொடுத்துட்டா பாவம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். கையில் ஈரத் துணி இருந்தது. அதை மறுபடியும் பிழிந்தேன்.

அன்று இரவு, மார்செய்க்குத் திரும்பியிருந்த சிலியாவுக்கு போன் செய்தேன். "ஒரு மரம்தானே, விடுடி" என்றாள். பிறகு, "சொல்லித்தான் ஆகணும்னா என் பேரை இழுக்காதே" என்றாள்.

மூன்று நாள் என்ன சொல்வது என்று யோசித்தேன். எழுதிக்கூடப் பார்த்தேன். நான்காம் நாள் காரை அப்பா எடுத்துப் போயிருந்தார். பெலாயித் மாமா வீட்டுக்கு நடந்து போனேன். தபால் நிலையம், காபிக் கடை, ஊற்று, எல்லாம் அதே வரிசையில் வந்தன. ஊற்றடியில் பெண்கள் பெலாயித் மாமா பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று சிலியாவிடம் ஊரைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருந்தேன். இங்கே ஒரு மனிதரின் பெயர் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதைச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் மரம் விழுந்து கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை. அடிக்கட்டையில் வெள்ளையாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. வெட்டி ஒரு மணி நேரம் இருக்கலாம்.

பெலாயித் மாமா கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"வாம்மா. உனக்கும்தான் கஷ்டம். வெயில்ல வந்து எடுத்துட்டுப் போன. உன்னையும் ஏமாத்திடுச்சு பாரு."

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அவர் கிளையிலிருந்து ஒரு பிஞ்சைப் பறித்துப் பிளந்து கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது. கிழவன் கண்ணு. நீ படிச்ச பொண்ணு, பாத்துச் சொல்லு. இந்த மரத்துக்கு என்ன வியாதி?"

நான் அதை வாங்கவில்லை.

"மரத்துக்கு ஒண்ணுமில்ல மாமா. நீங்க கொடுத்தப்போ பூச்சியெல்லாம் உயிரோடதான் இருந்துச்சு. நான்தான் பிளாஸ்டிக் பையில கட்டி டிக்கியில போட்டுட்டு ஊர் சுத்தப் போனேன். எல்லாம் செத்துப்போச்சு. தெரிஞ்சேதான் மரத்துல கட்டினேன்."