துணைக் கேள்வி

அத்தானை நினைத்தாலே இணை அமைச்சருக்கு வயிறு எரியும். அக்காள் கணவர் ஆயிற்றே என்று பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை. இருவருக்கும் ஒரே சுகாதாரத் துறை. ஆனால் அமைச்சரவைக் கூட்டத்தின் கதவு அத்தானுக்கு மட்டும்தான் திறக்கும். உள்ளே முடிவெடுப்பது அவர். அதை ஊர் ஊராகப் போய் நியாயப்படுத்துவது இவர்.

"உள்ள என்னதான் பேசினீங்க அத்தான்?" என்று கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மாப்ளே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இவரை உயிரோடு தின்றது.

பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றை மூடுவதென்று அமைச்சரவை முடிவு செய்தபோது இவருக்கு மூளை குறுக்கே ஓடியது. ஆளும் கட்சியின் பின்வரிசை நண்பரைக் கேன்டீனில் ஓரங்கட்டினார்.

"நாளைக்குச் சபையில இந்த ஆஸ்பத்திரி பத்தின கேள்விக்கு அத்தான் பதிலைப் படிச்சு முடிச்சதும் எழுந்து ஒரு துணைக் கேள்வி போடுங்க. மூணு ஆஸ்பத்திரி இருக்கே, இத மட்டும் ஏன் மூடுறீங்கன்னு."

"ஃபைல்ல பதில் இருக்குமே?"

"இருக்காது. அந்த ரூமுக்குள்ள பேசினது. அவருக்குத் தெரியும், ஆனா சொல்ல முடியாது. நல்லா முழிக்கட்டும்."

மறுநாள் சபை வாசலில் அத்தானின் போன் வந்தது.

"மாப்ளே, இன்னைக்கு நீயே பதில் சொல்லிடு."

"ஏன் அத்தான், உடம்பு சரியில்லையா?"

"கல்லு மாதிரி இருக்கேன். நான் கட்சி வேலைக்குப் போறேன்டா. என் எடத்துக்கு உன் பேரத்தான் பிரதமர்கிட்ட சொல்லியிருக்கேன். நீ தனியா எப்படிச் சமாளிக்கிறேன்னு அவரே வந்து பாக்கப் போறாரு. அசத்திடு."

இணை அமைச்சருக்கு நண்பரின் கேள்வி நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினார். நண்பர் பின்வரிசையில் உட்கார்ந்தாகிவிட்டது, மணியும் அடித்துவிட்டது. இவர் 'வேண்டாம்' என்று கையை ஆட்டினார். அவரும் உற்சாகமாகக் கையை ஆட்டினார். அத்தான் இடத்தில் இவர் நிற்பதைப் பார்த்ததும், அமைச்சர் பெயர் வாங்கட்டும் என்று சொந்தக் கட்சிக்காரரே கேள்வி கேட்பது வழக்கந்தானே, திட்டம் அப்படி மாறிவிட்டது என்று நண்பர் நினைத்துக்கொண்டார்.

இணை அமைச்சர் பதிலைக் கணீரென்று படித்தார். பிரதமர் தலையசைத்தார். நண்பர் எழுந்தார்.

"மூன்று ஆஸ்பத்திரிகள் இருக்க, இதை மட்டும் ஏன்?"

"மாண்புமிகு அமைச்சர் அவர்கள்" என்று அழைத்தார் சபாநாயகர். 'இணை' என்று சொல்லவில்லை. இத்தனை காலமும் இவர் ஏங்கியது அதற்குத்தான்.

ஃபைலைப் புரட்டினார். ஒன்றுமில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றோ, விவரம் பின்னர் தரப்படும் என்றோ சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நெஞ்சில் கிடந்து புழுங்கியதுதான் வாயில் வந்தது.

"எனக்கெப்படித் தெரியும்? என்னத்தான் உள்ளயே விடுறதில்லையே!"

எதிர்க்கட்சி மேசை அதிரத் தட்டியது. பிரதமர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார். சொன்ன வேலையைச் செய்து கொடுத்த திருப்தியோடு நண்பர் உட்கார்ந்தார்.