பதினைந்து சொற்கள்

நரம்பறிவியல் மேற்படிப்புக்கு ஏழு பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்க நினைத்தேன். ஆறு கையை விரித்துவிட்டன. உளவியல் பட்டம் போதாதாம். அதை ஆறும் ஆறு விதமான மரியாதையோடு சொல்லியிருந்தன. செல் உயிரியல், புள்ளியியல் என்று இரண்டு வருடம் ஆன்லைனில் படித்து வாங்கிய சான்றிதழ்களை யாரும் சீந்தவில்லை. மிச்சம் இருக்கும் ஒன்றுக்கு இன்னும் அனுப்பவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு அதன் விண்ணப்பத் தளமும் மூடிவிடும்.

அந்த ஒன்றில் நம்பிக்கை வைத்ததற்குக் காரணம் என் தம்பி. வயரிங் வேலை செய்தவன். போன வருடம் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. பழையதெல்லாம் நினைவிருக்கிறது, காலையில் நடந்தது மதியம் இருக்காது. மாதம் ஒரு முறை அவனுக்குப் பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டுவேன். அரை மணி கழித்து எத்தனையைத் திருப்பிச் சொல்கிறான் என்று குறித்துக்கொள்வேன். மூன்று, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு. என் விண்ணப்பக் கட்டுரையே அந்த ஏறுமுகக் கோடுதான். அடிபட்ட மூளை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்று மூன்று பத்திக்கு உருகியிருந்தேன்.

கடைசி எண்ணையும் சேர்த்துவிடலாம் என்று மூன்றே முக்காலுக்கு அவனை மேசைமுன் உட்காரவைத்தேன்.

"நல்லா கேளு. குடை..."

"சாவி, மணல், பொத்தான், கிளி..." அவனே தொடர்ந்தான். பதினைந்தும், வரிசை பிசகாமல். நான் ஒரு சொல்லுக்கு மேல் இன்னும் படிக்கவே இல்லை.

"யாருடா சொல்லிக் குடுத்தா?"

"தெரியலக்கா. அதுவா வாயில வருது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகமெல்லாம் பெருமை. "நாந்தான். பல் தேய்க்கறப்ப ஒரு தடவ, சாப்பிட்டதும் ஒரு தடவ. பட்டியல உன் கண்ணுல படாம குளியலறை அலமாரிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன்."

"ஏம்மா?"

"அவன் நல்லா சொன்னாத்தான் உனக்கு இடம் கெடைக்கும்னு நீதானே ஃபோன்ல சொல்லிட்டிருந்த? அவங்கிட்டயும் தெனமும் அதையேதான் சொல்லுவேன்."

"என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேம்மா!" என்று கத்தினேன். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

அம்மாவைச் சொல்லி என்ன பயன்? ஒவ்வொரு முறையும் பட்டியலை மாற்ற வேண்டும் என்பது முதல் வருட மாணவிக்கே தெரியும். எனக்கும் தெரியும். இரண்டாம் மாதம் மாற்றித்தான் கொடுத்தேன். இரண்டே சொல் சொன்னான். தாங்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுநாள் பழைய பட்டியலையே படித்தேன். ஐந்து வந்தது. சந்தோஷத்தில் அவனைக் கட்டிக்கொண்டேன். திருட்டுத்தனத்தை ஆரம்பித்தவளே நான்தான்.

புதிதாகப் பதினைந்து சொற்களை எழுதினேன். மெதுவாகப் படித்துக் காட்டினேன். அரை மணி நேரம் காத்திருந்தேன்.

"இப்ப சொல்லுடா."

நெற்றியைத் தேய்த்தான். "வாளி... பூட்டு..." ரொம்ப நேரம் கழித்து, "மேகம்." அவ்வளவுதான்.

மூன்று. முதல் மாதமும் மூன்று. இத்தனை மாதங்களில் அவன் ஒரு அடிகூட நகரவில்லை. படிப்பு போவதைவிட அதுதான் வலித்தது.

"பழசையே அனுப்பிடேன்டி. யாருக்குத் தெரியப் போகுது?" அம்மா கெஞ்சினாள்.

மணி நாலு முப்பத்தைந்து. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் இன்னொருத்தியின் தம்பி மண்டைக்குள் இருப்பதை நாளைக்கு எந்த முகத்தோடு அளப்பேன்? மூன்று பத்தியையும் அழித்தேன். "பதினான்கு என்பது என் அம்மாவின் உழைப்பு. மூன்று என்பதுதான் என் தம்பியின் நினைவாற்றல். வித்தியாசம் தெரிந்தும் நான் பார்க்க மறுத்தேன்" என்று எழுதி, நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன். இப்படி எழுதியவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குத் தோளில் ஒரு கை விழுந்தது. தம்பி. நடந்தது எதுவும் அவனிடம் இல்லை.

"அக்கா, டெஸ்ட் எப்ப? நான் ரெடி." நான் வாயைத் திறப்பதற்குள் நிமிர்ந்து நின்று ஆரம்பித்தான். "குடை, சாவி, மணல், பொத்தான், கிளி..."

பதினைந்தையும் சொல்லி முடித்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இப்ப உனக்கு இடம் கெடைச்சிடும்ல?"