கட்டிக்கொண்டு வந்த காலண்டர்

வேளாங்கண்ணி நர்ஸ் படிப்பை முடித்துப் பேரைப் பதிந்தது 1986 மே மாதம். இப்போது 1988 நவம்பர். அடுத்த மாதம் அவளுக்கு முப்பது முடிகிறது. முப்பதைத் தாண்டிவிட்டால் அரசாங்க வேலையை மறந்துவிட வேண்டியதுதான். அந்தப் பதைப்போடு பென்னாகரத்தில் பஸ் ஏறி, தர்மபுரி மருத்துவப் பணியாளர் பதிவு மையத்துக்கு வந்து நின்றாள்.

மையத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குத் தனி அறை, ஏ.சி., செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. பூசைக்குப் போகிற இடத்தில்கூட இத்தனை பயபக்தியை அவள் கண்டதில்லை.

"உங்க பேரு இல்லீங்களே," என்றார் ஆபரேட்டர் இன்னாசிராஜ்.

"உங்களுக்குப் பின்னால இருக்கற பதிவேட்டுல இருக்குதுங்க. எண்பத்தாறு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மெஷின்ல நல்ல காலண்டரே இருக்குதுங்க. ஆனா மெட்ராஸ்ல இருந்து ரெடிமேடா வந்த புரோகிராமு அதைத் தொடாது. தனக்குன்னு ஒரு பழைய காலண்டரை உள்ளயே கட்டிட்டு வந்திருக்குது. அது எண்பத்தஞ்சு டிசம்பரோட தீந்துருச்சு. அதுக்கு மேல தேதி குடுத்தா மெஷின் நின்னுருது."

விருந்து வீட்டில் சுடச்சுட இலை போட்டிருக்க, ஊசிப்போன கட்டுச்சோற்றைத்தான் தின்பேன் என்று அடம்பிடிக்கிற சம்பந்தி எந்தக் குடும்பத்தில்தான் இல்லை!

"பழசை எடுத்துட்டுப் புதுசை வெச்சுக்கலாமுங்களே?"

"சீல் வெச்ச பொட்டலம். பிரிக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால மெஷின் தேதியை எண்பத்தஞ்சு நவம்பர்னு மாத்தி வெச்சிருக்கறோம்."

ஆக, ஒரு பொட்டலத்தைப் பிரிக்கப் பயந்து மாவட்டத்தையே மூன்று வருஷம் பின்னால் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.

அதிகாரி பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்படி உனக்கு முப்பது ஆக இன்னும் மூணு வருசம் இருக்குதும்மா. பேருதான் இன்னும் பதியலை. நீ பதியறதுக்கு ஆறு மாசம் கெடக்குது. அப்ப வா."

வேளாங்கண்ணிக்கு அழுகை முட்டியது. முந்தானையால் மூக்கைத் துடைத்தபோது சட்டென்று ஒன்று உறைத்தது.

"அப்ப இன்னிக்கே புதுசாப் பதிஞ்சுக்கறனுங்க."

மறுக்க விதி இல்லை. மெஷின் தடதடவென்று அட்டை அடித்துத் தந்தது. பதிந்த நாள் 3 நவம்பர் 1985. வெயிலில் வரிசையில் நின்று நிஜமாகப் பதிந்ததைவிட ஆறு மாதம் மூப்பு. முன்னால் பதிந்தவருக்கே முதல் அழைப்பு. இடையில் பதிந்தவர்களை நினைத்து மனசு உறுத்தத்தான் செய்தது. முப்பது வயசு அதன் வாயை அடைத்துவிட்டது.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. சேலத்தில் நேர்முகத் தேர்வு. 18 நவம்பர் 1985 காலை பத்து மணிக்குத் தவறாமல் ஆஜராக வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து வந்த பதினெட்டாம் தேதியன்று, ஒன்பதரை மணிக்கே அவள் சேலத்தில் இருந்தாள். வாசலில் பதினோரு பெண்கள் அதே கடிதத்தைப் பிடித்தபடி கண்கலங்கி நின்றார்கள். குமாஸ்தா நஞ்சப்பன் அவள் கடிதத்தையும் வாங்கி இரண்டு முறை படித்தார். கம்ப்யூட்டர் அடித்ததில் தப்பு இருக்கும் என்று நினைக்கிற துணிச்சல் அவருக்கு இல்லை.

"நீங்களும் மூணு வருசம் லேட்டுங்க. காரணம் இல்லாம உள்ள விடறதுக்கில்லை. பாரத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்குது. என்னன்னு எழுதறது?"

வேளாங்கண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷர் நம்பப் போவதில்லை.

"தொப்பூர் கணவாயில லாரி கவுந்துருச்சுங்க. பஸ்ஸு நகரவே இல்லை."

வாரம் தவறாமல் அவர் கேட்கிற காரணம்தான் அது. தலையாட்டிக்கொண்டே கட்டத்தில் எழுதினார்.

"சரி, உள்ள போங்க."

அவள் படியேறும்போது பின்னாலிருந்து பதினோரு குரல்கள் கேட்டன.

"நாங்களும் அதே பஸ்ஸுதானுங்க."