மண்டைக்கு எதிராக ஒரு வேலைநிறுத்தம்

சொந்த மண்டைக்கு எதிராக வேலைநிறுத்தம் நடத்தி, அதைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்த ஒரே தொழிற்சங்கச் செயலாளர் இந்த உலகத்தில் நான்தான். சம்பந்தி இதை ஒப்புக்கொள்ள மாட்டார். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் நிர்வாகத்தின் பெர்சனல் ஆபீசராக இருந்த காலத்திலிருந்தே அவர் நான் சொல்லும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் என்று ஆயுள் முழுக்கக் கத்தித் தீர்த்தோம். கடைசியில் அவர் பையனும் என் பொண்ணும் எங்களைக் கேட்காமலே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்றதும் எனக்கு மனச்சோர்வு வந்தது. லாரி பிடித்து, சாமான் செட்டோடு வந்து இறங்கியது. பல் தேய்க்கும் பிரஷ் கடப்பாரையாகக் கனத்தது. தாடியில் குருவி கூடு கட்டாததற்கு ஒரே காரணம், நான் ஜன்னலைத் திறக்காததுதான். 'உன்னால் இனி யாருக்கும் பிரயோஜனமில்லை' என்று மண்டை அறிவித்துக்கொண்டே இருந்தது. நானும் படுத்தபடி தலையாட்டினேன்.

“வேலையில்லாத கொழுப்பு சம்பந்தி. வெயில்ல நடந்தா உருகிடும்,” என்றார் பார்க்க வந்த சம்பந்தி.

அந்த நேரம் பார்த்துச் சங்கத்தில் கூப்பிட்டார்கள். உலைப் பகுதிக்கு மின்விசிறி கேட்டு வாயிற்கூட்டம். நான் பேச வேண்டுமாம். முடியாதென்று சொல்லச் சொன்னேன். பொண்ணு சொல்லவில்லை. “இதுக்கும் எழுந்திருக்கலைன்னா நீங்க இனி எதுக்குமே எழுந்திருக்க மாட்டீங்கப்பா,” என்று டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் மாத்திரை எழுதி, ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத பெண்.

“கூட்டத்துக்குப் போனா என்ன ஆகும்?”

“வார்த்தை மறந்துடும். எல்லாரும் சிரிச்சுட்டுக் கலைஞ்சு போயிடுவாங்க.”

“யார் சொன்னது?”

“என் மனசுதாம்மா.”

“நிர்வாகம் ஒரு சர்க்குலர் அனுப்பினா என்ன செய்வீங்க?”

“ஆதாரம் கேட்பேன்.”

“அப்போ மனசு அனுப்புற சர்க்குலருக்கு மட்டும் ஏன் படிக்காமலே கையெழுத்துப் போடுறீங்க?”

என் சங்க வாழ்க்கையில் இப்படி யாரும் என் மானத்தை வாங்கியதில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குள் ஏதோ கொதித்தது.

மனசு வந்த பிறகு எழலாம் என்று காத்திருக்கக் கூடாதாம். முதலில் எழ வேண்டும். மனசு மெதுவாகப் பின்னால் வருமாம். அன்றே போராட்டத்தை அறிவித்தேன். படு என்றது மண்டை, குளித்தேன். எதற்கு என்றது, தெருமுனைக் கடை வரை நடந்தேன். சில நாள் மண்டை ஜெயித்து, போர்வைக்குள்ளேயே கிடந்தேன். மறுநாள் மறுபடி மறியல்.

கூட்டத்தன்று சம்பந்தி வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

கேட் முன்னால் ஸ்டூல் மீது ஏறினேன். வாயைத் திறந்தேன். வார்த்தை மறந்துவிட்டது. மண்டை சொன்னபடியே, சுத்தமாக. 'பார்த்தாயா, இறங்கு' என்றது. கால் இறங்கவும் பார்த்தது. ஆனால் சர்க்குலரில் இன்னொரு வரியும் இருந்ததே. அதற்கு ஆதாரம் தேடிக் கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, கலையவுமில்லை. “அவசரமில்ல அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க,” என்றாள் உலையில் வேலை பார்க்கும் ஒரு பெண். நான் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல்: “உலைப் பக்கம் மனுஷன் வேகிறான், விசிறி வை.”

என் பழைய கோஷம். வருஷக்கணக்காக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவருக்கு மனப்பாடம் ஆகாமல் இருக்குமா? கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. எனக்கு வார்த்தை வந்தது. அப்புறம் நான் பேசிய பேச்சில் உலையே குளிர்ந்து போனது என்று சொல்வேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

மண்டை இன்றும் சர்க்குலர் அனுப்புகிறது. ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

வீட்டில் பொண்ணு கேட்டாள்: “மாமா, நீங்க கோஷம் போட்டீங்களாமே?”

“தொண்டையைச் செருமினேன்மா.”

“அவ்வளவு நீளமாவா?”

சம்பந்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “போட்டேன்மா. உங்கப்பா கால் நடுங்குறதைப் பார்த்தேன். அது கொழுப்பில்ல, நிஜ வியாதிதான். அந்தக் காலோடவே நின்னாரு பாரு, அதுவும் நிஜம்தான்.”