கரண்டிச் சத்தம்

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். கட்டட வேலைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இருந்தும் மனைவி அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவாள். படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேன் ஒன்றை ஊர் சுற்ற வாங்கி, வருஷா வருஷம் அதன் ஒழுகும் கூரையோடு அவர் மல்லுக்கட்டியதில் கிடைத்த பட்டம் அது.

அவள் இறந்த பிறகு வரும் முதல் மழைக்காலம் இது. வேனின் மேல் படுக்கையில் அவளுடைய தலையணை, தலை வைத்த பள்ளத்தோடு அப்படியே கிடந்தது. குனிந்து முகர்ந்தால் இன்னும் அவள் வாசனை. உறையையாவது துவைக்கிறேன் என்ற மகளிடம் எரிந்து விழுந்தார். இடம் மாற்றி வைக்கவும் மனசு வரவில்லை; தூக்கினால் பள்ளம் போய்விடுமே.

அதற்கு நேர் மேலே கூரை ஜன்னல். அதைச் சுற்றிப் பூசிய பசை வெயிலில் வெடித்திருந்தது. மழைக்குள் அடைத்தாக வேண்டும். மூட்டு வலி உயிரை எடுக்க, ஏணியில் ஏறிப் பழைய பசையைச் சுரண்டினார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஸ்குரூ தலை ஒவ்வொன்றையும் மூடிப் புதுப் பசை பூசினார். நன்றாகக் காயவிட்டு, ஹோஸ் பைப்போடு மறுபடி ஏறினார்.

இந்தச் சோதனை எப்போதும் இரண்டு பேர் வேலை. இவர் மேலே தண்ணீர் விடுவார். அவள் உள்ளே கரண்டியோடு நிற்பாள். எங்கேயாவது சொட்டினால் அந்த இடத்தில் கூரையைத் தட்டுவாள். தட்டவில்லையென்றால் ஒழுகவில்லை. சில சமயம் வேண்டுமென்றே தட்டிவிட்டு, இவர் பதறுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மூலை மூலையாகத் தண்ணீர் விட்டார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தமில்லை. குழாயை இன்னும் திறந்துவிட்டார். அப்போதும் சத்தமில்லை. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தியா, ஒரு சொட்டு இல்ல. இனிமே மேஸ்திரின்னு கிண்டல் பண்ணாத," என்றார் கீழே பார்த்து.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஹோஸை அப்படியே போட்டுவிட்டு எப்படி இறங்கினாரென்று அவருக்கே தெரியாது. உள்ளே, ஜன்னலின் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. தலையணை ஊறிக் கனத்துக் கிடந்தது. பள்ளத்தைக் காணோம். வாரியெடுத்து முகத்தில் அழுத்தினார். ஈரப் பஞ்சு நாற்றம்தான் வந்தது.

"ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல," என்று ஏங்கி ஏங்கி அழுதார்.

பிறகு அடுப்பு மேடையிலிருந்து கரண்டியை எடுத்தார். ஒழுகும் இடத்தில் தட்டினார். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீரை நிறுத்த மேலே யாரும் இல்லை.