குட்டையில் எவ்வளவு தண்ணீர்

வெள்ளிக்கிழமை மாலை மணி நாலு இருபது. தேசியப் பூங்கா அலுவலகத்தை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். காரில் இருபத்தைந்து நிமிடம்.

மேஜையில் வரைபடம் விரிந்திருந்தது. சுருளாமலிருக்க என் கணவன் தெய்ன் அதன் மூலைகளில் பீச் பழ ஜாடிகளை வைத்திருந்தான். பள்ளத்தாக்கின் இடுக்குக்குள் இறங்க பூங்காவில் குலுக்கல் போட்டுத்தான் அனுமதி தருவார்கள்; மூன்று வருடம் அதில் எங்கள் பெயர் விழவில்லை. இந்த வருடம் விழுந்தது. நாளைக்கு, இரண்டு பேருக்கு. அவனுக்கும் எங்கள் மகள் ஜெனாய்க்கும். அவளுக்கு ஒன்பது வயது. அனுமதிச் சீட்டை இன்று வாங்காவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

"ஆறு மணிக்கு எறங்கினா பதினொண்ணுக்கு வெளிய வந்துடுவோம்." அவன் விரல் ஓடை வழியே போனது. "இந்த ரெண்டு மைலுதான் குறுகல்."

அந்த இரண்டு மைலில் கைகளை விரித்தால் இரு பக்கமும் சிவப்புப் பாறை தட்டும். ஏறித் தப்ப இடம் கிடையாது.

"ராத்திரி மேட்டுல மழைன்னு சொல்றாங்களே."

"ஆகஸ்டுல அவங்க என்னைக்குத்தான் சொல்லல?"

"லொரினைக் கேட்டுடலாம்."

அவன் நிமிரவில்லை.

லொரின் என் அண்ணன். ஓடை மேட்டிலுள்ள அவன் மேய்ச்சல் நிலத்தில் பிறக்கிறது. அவனுடைய மாட்டுக் குட்டையில் இடமிருந்தால் ராத்திரி மழை அங்கேயே தங்கும். நிரம்பியிருந்தால் வழிந்து, விடிந்ததும் வெள்ளமாக இடுக்குக்கு வந்து சேரும். இங்கே யார் இறங்கினாலும் முதலில் அவனைக் கேட்பார்கள். நாங்கள் இரண்டு வருடமாக அவனோடு பேசவில்லை. அவன் மாடுகள் பூங்காவுக்குள் மேய்வதை அதிகாரிகளிடம் சொன்னது தெய்ன். அதனால் லொரின் பாதி மாடுகளை விற்க வேண்டி வந்தது.

"உங்கண்ணன் வாயால ஒரு வார்த்தை எனக்கு வேண்டாம்."

"எனக்கு வேணும்," என்று போனை எடுத்தேன்.

ஆறு முறை மணி அடித்த பிறகு எடுத்தான்.

"லொரின், ஆர்வா பேசறேன்."

"அடேயப்பா. நம்பர் மறக்கலையா?"

"குட்டை எப்படி இருக்கு?"

"யாரு எறங்கறது?"

"தெய்ன்."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"ஓ, வேலிக் காவக்காரரா? பாதிகூட இல்ல. தாராளமா எறங்கச் சொல்லு."

"பாதிகூட இல்லையாம்," என்றேன் தெய்னிடம்.

"இதுக்குத்தான் இவ்வளவு நேரமா?" சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜெனாய் ஏற்கனவே காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு வாங்கத்தான் போகிறார்கள், ஆனாலும் ஹெல்மெட்டைப் போட்டிருந்தாள்.

நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

"ஜெனாயும் கூட எறங்கறா, லொரின்."

"ஜெனாயா?" அவன் குரல் மாறியது. வாசலில் கார் கிளம்பியது.

"லொரின், குட்டைய நீ இன்னைக்குப் பாத்தியா?"